20 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால்

1999 மே மாதம் ஜப்பானில் சோனி நிறுவனம் எஸ்சிடி-1 என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. விலை 5 லட்சம் யென். எடை 25 கிலோவுக்கு மேல். அதில் ஓடுவதற்காக சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய புதிய தட்டுக்கு சூப்பர் ஆடியோ சிடி என்று பெயர், சுருக்கமாக எஸ்ஏசிடி. மறு மாதமே அமெரிக்காவில், இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் தொடங்கியது. சிடியை விஞ்சும் ஒலி ஒரு பக்கம், சிடியைவிட மட்டமானாலும் சும்மா கிடைத்த எம்பி3 இன்னொரு பக்கம். பெருங்கூட்டம் எந்தப் பக்கம் போனது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி வேறு. நல்ல ஒலிக்காகப் பணத்தையும் நேரத்தையும் மனசாரச் செலவிடும் ஒரு சிறு கூட்டம் எல்லா நாட்டிலும் உண்டு. ஸ்பீக்கரை ஓரங்குலம் நகர்த்திவைத்து மறுபடியும் கேட்டுப் பார்க்கும் ஆடியோஃபைல்கள். எஸ்ஏசிடியும், அதற்குப் போட்டியாக 2000இல் கடைக்கு வந்த டிவிடி-ஆடியோவும், முதலில் நம்பியிருந்தது இவர்களைத்தான். இவர்களையாவது அந்தத் தட்டுகள் வென்றனவா? ஓரளவு வென்றன என்பதே என் பதில். ஆனால் அவை வென்றது அட்டையில் அச்சிட்டிருந்த எண்களால் அல்ல. அந்த எண்கள் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் பார்த்தால் இது விளங்கும்.

பழைய சிடியிலிருந்து தொடங்க வேண்டும். 1982இல் வந்த சிடி, ஒலியலையை ஒரு நொடிக்கு 44,100 தடவை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், அதாவது 65,536 படிநிலைகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்கிறது. 44,100 என்ற விநோதமான எண் வந்தது வீடியோ டேப்பிலிருந்து. அந்தக் காலத்தில் இவ்வளவு தரவைப் பதிந்துவைக்க வீடியோ ரெக்கார்டர்தான் கைவசம் இருந்தது. வீடியோ படத்தின் ஒரு வரியில் மூன்று அளவுகளை அடக்கலாம். புலம் எனப்படும் அரைப்படம் ஒன்றில் பயன்படுத்தக்கூடிய வரிகள் 245. நொடிக்கு 60 புலங்கள். பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 வரி, 50 புலம்; அங்கேயும் அதே 44,100. இரண்டு கண்டங்களின் டேப்புக்கும் பொருந்திய எண் என்பதால் அது நிலைத்துவிட்டது.

அளவுகளுக்கு இடையே இருக்கும் ஒலி தொலைந்துபோகிறது, சிடியின் அலை படிக்கட்டுபோல உடைந்துகிடக்கிறது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். விளம்பரப் படங்களும் அப்படித்தான் வரைந்தன. அது தவறு. பொறியாளர் நைக்விஸ்ட் 1928இல் கோடிகாட்டியதை கணிதவியலாளர் ஷானன் 1949இல் கணிதமாக நிறுவிக் காட்டினார்: ஒரு சைகையின் உச்ச அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் அளந்துவிட்டால், அந்த அளவுகளைக் கொண்டே மூல அலையை முழுமையாக மீட்டெடுக்கலாம். வெளியே வருவது வழவழப்பான தொடர் அலை. ஆக, 44,100 அளவுகள் 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லாவற்றையும் ஏந்திக்கொள்ளும். நல்ல செவியுள்ள இளைஞருக்குக் கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ், அதாவது 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அந்த எல்லை இறங்கிக்கொண்டே வரும். ஐம்பதைக் கடந்த பலருக்கு 14 கிலோஹெர்ட்ஸே எட்டாது.

16 பிட் என்பதும் குறைந்த அளவல்ல. மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளியை அது தாங்கும். வீட்டில் அமைதியான அறையிலேயே 30 டெசிபல் அளவு பின்னணிச் சத்தம் இருக்கும். அதற்கு மேல் 96ஐ ஏற்றினால் காது வலிக்கும் எல்லைக்குப் போய்விடுவோம். ஆடியோஃபைல்கள் உயிராக நேசிக்கும் எல்பி தட்டு இதில் பாதியைச் சற்றுத் தாண்டிய இடைவெளியைத்தான் தருகிறது.

அப்படியென்றால் புதிய தட்டு எதற்கு? ஒரு நியாயமான காரணம் இருந்தது. 20க்கும் 22க்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய சந்தில், மேலே உள்ள அதிர்வெண்களை எல்லாம் ஒரேயடியாக வெட்டி நிறுத்த ஒரு வடிகட்டி வேண்டும். தொடக்க கால சிடி கருவிகளில் செங்குத்தான அனலாக் வடிகட்டிகள் இருந்தன. அவை கேட்கும் எல்லைக்குள்ளும் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) குலைத்தன. சிடியின் ஒலி கரகரக்கிறது, களைப்பூட்டுகிறது என்று அன்று வந்த புகார்களை வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. பின்னாளில் அளவுகளைக் கணக்கீட்டால் பெருக்கிக்கொண்டு மென்மையாக வடிகட்டும் உத்தி பரவி, அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. ஆனால் புகார் மட்டும் ரசிகர் மனத்தில் தங்கிவிட்டது. சோனிக்கும் பிலிப்ஸுக்கும் வேறு கணக்கும் இருந்தது: சிடியின் காப்புரிமைகள் காலாவதியாகும் நேரம் நெருங்கியிருந்தது.

டிவிடி-ஆடியோ சிடியின் வழியிலேயே நடந்து எண்களை மட்டும் கூட்டியது. இரண்டு சேனலில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம். எஸ்ஏசிடி முற்றிலும் வேறு பாதை. அதில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரே ஒரு பிட்தான். ஆனால் நொடிக்கு 28,22,400 தடவை. சிடியின் வேகத்தைப் போல 64 மடங்கு. பிட்டுகள் அடர்த்தியாக வரும் இடத்தில் அலை மேலே எழும், அடர்த்தி குறைந்தால் கீழே இறங்கும். சோனி தன்னிடமிருந்த பழைய அனலாக் டேப்புகளைக் காலத்துக்கும் காத்துவைக்க நினைத்து உருவாக்கிய முறை இது.

தட்டின் கட்டுமானத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஹைப்ரிட் எஸ்ஏசிடியில் இரண்டு அடுக்குகள். மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் பாதி ஒளியை மட்டும் திருப்பியனுப்பும் அடுக்கு ஒன்று. அதன் நுண்குழிகளை 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் படிக்கும். சாதாரண சிடி கருவியின் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசருக்கு அந்த அடுக்கு கண்ணாடிபோல. அது ஊடுருவிச் சென்று 1.2 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள சிடி அடுக்கைப் படித்துக்கொள்ளும். 2002இல் ரோலிங் ஸ்டோன்ஸின் அறுபதுகளின் ஆல்பங்கள் இப்படித்தான் மறுபடி வந்தன. வாங்கியவர்களில் மிகப் பலர் தங்கள் கையில் இருப்பது எஸ்ஏசிடி என்பதே தெரியாமல் சிடி என்று போட்டுக் கேட்டார்கள்.

இந்த ஒரு பிட் முறைக்கு ஒரு விலை உண்டு. ஒரு பிட்டால் அலையைக் குறித்தால் பெரும் பிழை விழும்; அந்தப் பிழை இரைச்சலாகக் கேட்கும். அதைக் கேட்கும் எல்லைக்குள் இருந்து துரத்தி, 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கொண்டுபோய்க் கொட்டுகிறது எஸ்ஏசிடி. ஆகவே அதன் உயர்ந்த பகுதியில் வாத்தியங்களின் மேற்சுரங்களோடு இந்த இரைச்சலும் கணிசமாகக் கலந்திருக்கும். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் லிப்ஷிட்ஸும் வாண்டர்கூயும் 2001இல், உயர்தர ஒலிக்கு ஒரு பிட் முறை அடிப்படையிலேயே பொருந்தாது என்று கடுமையாக வாதிட்டார்கள். இன்னொரு சிக்கல் ஸ்டுடியோவில். ஒரு பிட் சைகையின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவோ இரண்டை இணைக்கவோ நேரடியாக முடியாது. பல பிட் முறைக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அதனால் எத்தனையோ எஸ்ஏசிடி பதிவுகள் உருவாகும் வழியில் எங்கோ ஓரிடத்தில் சிடியின் உறவுமுறைக்குள் போய்த்தான் திரும்பின.

சரி, இயந்திரத்தின் கதை போதும். காது என்ன சொன்னது?

பாஸ்டனில் மேயரும் மோரனும் செய்த சோதனையின் முடிவு 2007இல் வெளியானது. நல்ல கருவியில் எஸ்ஏசிடியும் டிவிடி-ஆடியோவும் ஓடும். ஒரு சுவிட்சைத் தட்டினால் அதே ஒலி, சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருக்கும் பெட்டி வழியாகப் போய் ஸ்பீக்கருக்கு வரும். ஒலி அளவு துல்லியமாகச் சமப்படுத்தப்பட்டிருந்தது. எது நேர்வழி, எது சுருக்கிய வழி என்று கேட்பவருக்குத் தெரியாது. பதிவுப் பொறியாளர்கள், மாணவர்கள், ஆடியோஃபைல்கள் எல்லாரும் கலந்துகொண்டார்கள். மொத்தம் 554 முறை. சரியாகச் சொன்னது 276. நாணயம் சுண்டினால் கிடைக்கும் விகிதம். இசை இல்லாத மௌனப் பகுதியில் சத்தத்தை மிகவும் ஏற்றிவைத்தபோது மட்டும், சிடி அளவின் அடித்தள இரைச்சல் தெரிந்தது.

இந்தச் சோதனையின் மீது நியாயமான விமரிசனமும் உண்டு. பயன்படுத்திய தட்டுகள் சில, பழைய டேப்பிலிருந்தோ குறைந்த அளவில் பதிந்த மூலத்திலிருந்தோ வந்திருக்கலாம். மேலே ஒன்றுமே இல்லாத பதிவில் மேலே உள்ளதை வெட்டினால் யாருக்குத் தெரியும்? லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 2016இல் 18 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகத் திரட்டினார். 400க்கு மேற்பட்ட செவிகள், 12,500க்கு மேற்பட்ட முறைகள். சரியான விடை 52.3 சதவீதம். முன்கூட்டியே பயிற்சி தந்து கேட்கவைத்தவர்களிடம் அது 60 சதவீதத்தைத் தாண்டியது. எண்ணிக்கை பெரிது என்பதால் 52.3ஐத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஏதோ ஒரு வேறுபாடு உண்டு. ஆனால் அது கூர்ந்து, பழகி, மறுபடி மறுபடி கேட்டால் சில வேளை பிடிபடும் அளவு. ஒரு தட்டை முதல் தடவை போட்டதும் திரை விலகியது என்று பத்திரிகைகள் எழுதினவே, அந்த அனுபவத்தை, ஐம்பதுக்கு மேலான இந்த 2.3 சதவீதம் விளக்காது.

கேட்காத ஒலியும் மூளையைத் தொடும் என்ற கருத்தும் எழுந்தது. ஜப்பானில் ஓஹாஷி குழுவினர் பாலித் தீவின் கமலான் இசையை எடுத்துக்கொண்டார்கள். அந்த வெண்கல வாத்தியங்கள் கேட்கும் எல்லையைத் தாண்டியும் ஏராளமாக அதிரும். அந்த உயர் பகுதியும் சேர்ந்து ஒலிக்கும்போது கேட்பவரின் மூளை அலைகள் மாறுகின்றன என்று 2000இல் எழுதினார்கள். அதே ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஆய்வுக்கூடம், உயர் பகுதிக்குத் தனி ஸ்பீக்கர் வைத்துக் கவனமாகச் செய்த கேட்புச் சோதனையில் பொதுவான வேறுபாடு எதையும் காணவில்லை. ஸ்பீக்கரைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மீயொலியும் கேட்கும் ஒலியும் ஒரே ஸ்பீக்கரில் நுழைந்தால் ஒன்றோடொன்று மோதி, கேட்கும் எல்லைக்குள்ளேயே புதுச் சிதைவை உண்டாக்கக்கூடும். அப்படி ஒரு வேறுபாடு கேட்டால் அது துல்லியத்தின் அடையாளம் அல்ல, குறை.

இங்கே நின்றுவிட்டு, ஆடியோஃபைல்கள் ஏமாந்தார்கள் என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எஸ்ஏசிடி நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். மேயரும் மோரனும்கூடத் தங்கள் கட்டுரையில் இதை ஒப்புக்கொள்கிறார்கள்: இந்தத் தட்டுகள் பெரும்பாலான சிடிகளைவிட நன்றாகவே ஒலிக்கின்றன. சுருக்கும் பெட்டி வழியாகப் போன பிறகும் அப்படியே நன்றாக ஒலித்தன. நன்மை எண்களில் இல்லாவிட்டால் எங்கே இருந்தது?

மாஸ்டரிங்கில். பதிவு முடிந்து தட்டாகும் முன் ஒரு பொறியாளர் உட்கார்ந்து ஒலியின் சமநிலையையும் ஏற்ற இறக்கத்தையும் தீர்மானிக்கும் கட்டம் அது. தொண்ணூறுகளிலிருந்து அந்த அறைகளில் ஒரு நோய் பரவியிருந்தது. வானொலியிலும் காரிலும் தங்கள் பாட்டு மற்றதைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்று நிறுவனங்கள் அழுத்தம் கொடுத்தன. மெல்லிய இடங்களை உயர்த்தி, உச்சங்களை நசுக்கி, எல்லாவற்றையும் கூரையோடு ஒட்டவைத்தார்கள். ஒரு புத்தகத்தின் எல்லா வரிகளையும் தடித்த எழுத்தில் அச்சிட்டதுபோல் ஆனது இசை. 2008இல் வந்த மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' சிடி இதற்குப் பேர்போனது. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் நசுக்கப்படாமல் வந்ததால், விளையாட்டில் கேட்டதுதான் நன்றாக இருக்கிறது என்று ரசிகர்களே கண்டுபிடித்துக் கொதித்தார்கள். 96 டெசிபல் தாங்கும் தட்டில் ஒரு சில டெசிபல் ஏற்ற இறக்கத்தை மட்டும் பதிந்துவிட்டு, ஊடகம் போதாது, 144 டெசிபல் தரும் 24 பிட் வேண்டும் என்பது நோயைப் பார்க்காமல் கட்டிலை மாற்றும் வேலை.

எஸ்ஏசிடி பெரும்பாலும் அந்த நோயிலிருந்து தப்பியது. அதை வாங்குபவர் அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்பவர் என்று பொறியாளருக்குத் தெரியும். முதல் தலைமுறை டேப்பைத் தேடி எடுத்தார்கள்; நிதானமாக வேலை செய்தார்கள். அந்த உழைப்பின் பலனைத்தான் காதுகள் கேட்டன. சொல்லப்போனால் அதே மாஸ்டரை அப்படியே சிடியில் போட்டிருந்தாலும் அந்தப் பலன் கிடைத்திருக்கும். போடாததுதான் எனக்கு ஆற்றாமை.

இதற்கு 2022இல் ஒரு பெரிய சாட்சி கிடைத்தது. கலிபோர்னியாவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் அனலாக் ரசிகர்களின் கோயில். மூல டேப்பிலிருந்து நேரே வெட்டிய எல்பி என்று நம்பி அவர்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கினார்கள். டிஜிட்டலின் சாயல்கூட இல்லாத ஒலி என்று புகழ்ந்தார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 40,000 பிரதிகள் வரப்போகிறது என்ற அறிவிப்பு சந்தேகத்தைக் கிளப்பியது. நிறுவனம் கையாண்ட முறையில் இத்தனை பிரதிக்கு மூல டேப்பைப் பல தடவை ஓட்டியாக வேண்டும். அவ்வளவு அருமையான டேப்பை யார் அப்படித் தேயவிடுவார்கள்? நிறுவனத்தின் பொறியாளர்களே பிறகு விளக்கினார்கள்: டேப்பை முதலில் டிஜிட்டலாகப் பதிந்துகொண்டு, அதிலிருந்து எல்பி வெட்டும் வழக்கம் 2011லேயே தொடங்கிவிட்டது. அந்த டிஜிட்டல் முறை எஸ்ஏசிடியின் ஒரு பிட் குடும்பத்தைச் சேர்ந்தது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது, பொருளைப் பற்றிய உண்மை மறைக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த ஒலியைப் புகழ்ந்த காதுகளும் பிழை செய்யவில்லை. நல்ல மூல டேப், நல்ல பொறியாளர், அவசரமில்லாத வேலை. இந்த மூன்றும் எந்த ஊடகத்தில் வந்தாலும் அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

எவருக்கும் சந்தேகமில்லாமல் கேட்கக்கூடிய ஒரு மேன்மை இந்தத் தட்டுகளில் இருந்தது. அது சேனல்களின் எண்ணிக்கை. சிடியில் இரண்டு, இவற்றில் ஆறு வரை. பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 2003இல் ஜேம்ஸ் கத்ரியின் 5.1 (ஆறு சேனல்) கலவையோடு எஸ்ஏசிடியாக வந்தபோது, அந்த ஆல்பத்தில் வரும் கடிகாரங்கள் அறையைச் சுற்றி அடித்ததைக் கேட்க எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. இசைக்குழு எதிரே, அரங்கின் எதிரொலி பின்னால் என்று பதிந்த மேற்கத்திய செவ்வியல் தட்டுகளும் அப்படியே. இதைத்தான் முன்னிறுத்தியிருக்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து டிஜிட்டல் இணைப்பையே பூட்டிவைத்ததால், ஆறு சேனலுக்கு ஆறு தனித்தனி அனலாக் கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. ஒற்றை எச்டிஎம்ஐ கேபிளில் எல்லாம் போக வழி பிறந்தபோது வருடங்கள் ஓடிவிட்டன. டிவிடி-ஆடியோவிலோ, பாட்டைத் தேர்ந்தெடுக்கப் பல சமயம் டிவியைப் போட வேண்டும். இரண்டு வடிவங்களின் சண்டையில் எதை வாங்குவது என்று தெரியாமல் காத்திருந்தவர்கள் காத்திருந்தபடியே நகர்ந்துவிட்டார்கள்.

இன்று உயர் துல்லியத்துக்குத் தட்டே வேண்டாம். 2021இலிருந்து ஆப்பிள் மியூசிக் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை கூடுதல் கட்டணமில்லாமல் தருகிறது. ஆனாலும் தட்டு சாகவில்லை. பென்டாடோன் போன்ற செவ்வியல் நிறுவனங்கள் எஸ்ஏசிடியை விடாமல் பிடித்திருந்தன. ஜப்பானில் பழைய ராக், ஜாஸ் ஆல்பங்கள் அந்த வடிவில் தொடர்ந்து வெளிவந்தன. கிங் கிரிம்சன் ஆல்பங்களை ஸ்டீவன் வில்சன் மறுகலவை செய்து 2009இலிருந்து வெளியிட்டபோது, எல்லாரும் மறந்துபோன டிவிடி-ஆடியோவில்தான் அந்த 5.1 கலவைகள் வந்தன. இவற்றைத் தேடிப் பிடித்து வாங்குபவர்கள் கிலோஹெர்ட்ஸைப் பார்ப்பதில்லை. மாஸ்டரிங் செய்தது யார், எந்த டேப்பிலிருந்து, எந்த ஆண்டு என்று பார்க்கிறார்கள். அட்டையின் முன்பக்கத்தைவிட உள்தாளின் பொடி எழுத்தில் இருக்கும் பெயருக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பு சரியானது.

சொந்தக் காதால் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள், ஹைப்ரிட் தட்டின் இரண்டு அடுக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டாம். அவற்றின் மாஸ்டர்கள் வேறாக இருக்கலாம். ஒலி அளவும் வேறாக இருக்கலாம். கால் டெசிபல் கூடினால்கூட அது சத்தமாகத் தோன்றாது, தெளிவாகத் தோன்றும். உயர் துல்லியக் கோப்பு ஒன்றை வாங்கி, அதையே நல்ல மென்பொருளில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார்2000 மென்பொருளில் இரண்டையும் பெயர் மறைத்துக் கேட்கும் வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். மேற்சுரம் செழித்த, சிம்பல் போன்ற வாத்தியம் ஒலிக்கும் பகுதியைச் சில நொடிகளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, களைப்பு வந்தால் எழுந்துபோய், மறுநாள் தொடருங்கள். 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால், வெறும் ஊகத்தில் அப்படி அமைய நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான். அந்தக் கோப்பில், அந்தக் கருவியில், உங்கள் காதுக்கு ஏதோ ஒரு வேறுபாடு தெரிகிறது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம்.